கைதட்டல் இல்லாத நிறைவு விழா
(லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியின் 1958-ஆம் ஆண்டு வகுப்பு)

அமெரிக்க நாட்டில் உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பை முடித்து வெளியேறும் நாள் ஒரு குடும்பத் திருநாளாகவே கொண்டாடப்படுகிறது. மாணவர்கள் நீண்ட அங்கியும் தட்டையான தொப்பியும் அணிந்து வரிசையாக வருவர். பெற்றோரும் உற்றாரும் இருக்கைகளில் அமர்ந்து காத்திருப்பர். பெயர் வாசிக்கப்படும்போது ஒவ்வொருவராக மேடை ஏறிச் சான்றிதழ் பெறுவர். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் எழும். அந்த ஆண்டு வெளியேறியவர்கள் பின்னர் எத்தனை முதுமை அடைந்தாலும் தம்மை இன்ன ஆண்டு வகுப்பினர் என்றே சொல்லிக்கொள்வர்.

அத்தகைய வகுப்புகளுள் ஒன்றின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம். அது ஆர்க்கன்சா மாநிலத் தலைநகரான லிட்டில் ராக் நகரின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் 1958-ஆம் ஆண்டு தேர்ச்சி பெற்று வெளியேறிய வகுப்பு. அதில் சான்றிதழ் பெற்றவர்கள் 602 பேர். அவர்களில் 601 பேர் வெள்ளை இனத்தவர். ஒருவர் மட்டுமே கறுப்பினத்தவர். அவர் பெயர் எர்னெஸ்ட் கிரீன். அந்த ஒருவர் அந்த வகுப்பில் அமர்ந்து படிப்பதற்காக நாட்டின் குடியரசுத் தலைவர் இராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது என்பதை இன்றைய தலைமுறை நம்புவது கடினம். ஆயினும் அது நடந்த வரலாறு.

இரண்டு பள்ளிகள், இரண்டு அளவுகோல்கள்

அடிமை முறை ஒழிந்த பின்னரும் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகளே இருந்து வந்தன. வசதிகள் சமமாக இருக்குமானால் பிரித்து வைப்பது குற்றமன்று என்று 1896-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குத் துணையாக நின்றது. ஆனால், சமம் என்பது ஏட்டளவில்தான் இருந்தது. லிட்டில் ராக் நகரையே எடுத்துக்கொள்வோம். வெள்ளையருக்கான சென்ட்ரல் பள்ளி 1927-இல் சுமார் 15 லட்சம் டாலர் செலவில் கட்டப்பட்டது. அமெரிக்காவிலேயே மிக அழகிய உயர்நிலைப் பள்ளி என்று கட்டடக் கலைஞர்கள் அதனைப் பாராட்டினர். கறுப்பினத்தவருக்கான டன்பார் பள்ளி 1929-இல் சுமார் 4 லட்சம் டாலர் செலவில் எழுப்பப்பட்டது. ஒரே ஊரில் வாழ்ந்த இரு சாரார் பிள்ளைகளின் கல்விக்கு அன்றைய நிர்வாகம் கொடுத்த மதிப்பை இந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன.

1954-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிரௌன் வழக்கு என்று அறியப்படும் வழக்கில், இன அடிப்படையில் அரசுப் பள்ளிகளைப் பிரித்து வைப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால், எந்த நாளுக்குள் அதனை நிறைவேற்ற வேண்டும் என்று கெடு எதனையும் விதிக்கவில்லை. மறு ஆண்டு அளித்த இரண்டாம் தீர்ப்பிலும் உரிய வேகத்துடன் செய்க என்ற பொதுவான சொற்களே இருந்தன. இந்த இடைவெளியைக் காலம் கடத்த விரும்பியவர்கள் நன்கு பயன்படுத்திக்கொண்டனர்.

லிட்டில் ராக் நகரக் கல்விக் கண்காணிப்பாளர் வர்ஜில் பிளாஸம் தீட்டிய திட்டம் படிப்படியானது. 1957-இல் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் மட்டும் சிறு எண்ணிக்கையில் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பது, கீழ் வகுப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்வது என்பதே அதன் சாரம். நன்றாகப் படிப்பவர்களும், எதனையும் பொறுத்துக்கொள்ளும் மன உறுதி உடையவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இறுதியில் எஞ்சியவர்கள் ஒன்பது பேர். மின்னிஜீன் பிரௌன், எலிசபெத் எக்ஃபோர்டு, எர்னெஸ்ட் கிரீன், தெல்மா மதர்ஷெட், மெல்பா பட்டில்லோ, குளோரியா ரே, டெரன்ஸ் ராபர்ட்ஸ், ஜெஃபர்சன் தாமஸ், கார்லொட்டா வால்ஸ் ஆகிய இந்த ஒன்பதின்மரையே வரலாறு லிட்டில் ராக் ஒன்பதின்மர் என்று அழைக்கிறது. இவர்களில் எர்னெஸ்ட் கிரீன் ஒருவரே இறுதி வகுப்பு மாணவர். ஏனையோர் பத்தாம், பதினொன்றாம் வகுப்பினர்.

வாயிலில் நின்ற துப்பாக்கிகள்

அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநில ஆட்சித் தலைவர். ஆர்க்கன்சாவின் அன்றைய ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ், பள்ளி திறப்பதற்கு முந்தைய நாளான 1957 செப்டம்பர் 2 அன்று மாநிலத்தின் தேசியக் காவற்படையை வரவழைத்துப் பள்ளியைச் சூழ நிறுத்தினார். அமைதியைக் காப்பதற்காக என்று காரணம் கூறப்பட்டது. ஆனால், செப்டம்பர் 4 அன்று அந்தப் படை தடுத்து நிறுத்தியது கலகக்காரர்களை அன்று; புத்தகங்களுடன் வந்த பிள்ளைகளையே தடுத்தது.

அன்று ஒன்பதின்மரும் ஒன்றாகச் சேர்ந்து செல்வதென ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. எலிசபெத் எக்ஃபோர்டின் வீட்டில் தொலைபேசி இல்லாததால் அச்செய்தி அவருக்கு எட்டவில்லை. 15 வயதே நிரம்பிய அச்சிறுமி தனியாகப் பள்ளிக்கு வந்தார். காவற்படையினர் வழி மறுத்தனர். ஆவேசமாகக் கூச்சலிட்ட கூட்டம் பின்தொடர, அவர் பேருந்து நிறுத்தம் வரை நடந்து சென்று அமர்ந்தார். அந்தக் காட்சியின் புகைப்படம் உலகெங்கும் வெளியாயிற்று.

நீதிமன்ற ஆணையின் பேரில் செப்டம்பர் 20 அன்று காவற்படை விலக்கப்பட்டது. செப்டம்பர் 23 அன்று ஒன்பதின்மரும் பக்கவாயில் வழியாக உள்ளே சென்றனர். ஆயிரம் பேர் அளவில் திரண்ட கூட்டம் பள்ளியைச் சூழ்ந்துகொண்டது. நண்பகலுக்குள் காவலர் அவர்களை வெளியே கொண்டுசெல்ல நேர்ந்தது. மறுநாள் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவின் வீரர்களை அனுப்பினார். மாநிலக் காவற்படையையும் மத்திய அரசின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார். செப்டம்பர் 25 அன்று இராணுவத்தினர் புடைசூழ ஒன்பதின்மரும் முன்வாயில் வழியாகவே பள்ளிக்குள் சென்றனர். கல்வியாண்டில் மூன்று வாரங்கள் அதற்குள் கழிந்திருந்தன.

இந்த வரலாற்றைச் சொல்லும் பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். சட்டம் வென்றது, கதவு திறந்தது என்று முடித்துவிடுகின்றனர். ஆனால், கதவு திறந்த பின்னர் உள்ளே கழிந்த எட்டு மாதங்களே நாம் சிந்திக்க வேண்டிய பகுதி என்பது எமது கருத்து.

மாணவர் வாழ்க்கை என்பது எது?

பள்ளி வாழ்க்கை என்பது பாடப் புத்தகம் மட்டும் அன்று. விளையாட்டு மைதானம், இசைக் குழு, மாணவர் இதழ், நாடகம், மதிய உணவு வேளையின் அரட்டை ஆகியவை எல்லாம் சேர்ந்ததே மாணவர் வாழ்க்கை. சென்ட்ரல் பள்ளி இவற்றுக்கெல்லாம் பெயர் பெற்றது. டைகர் என்ற பெயரில் மாணவர்கள் இதழ் ஒன்றை நடத்தினர். 1957-ஆம் ஆண்டு அப்பள்ளியின் கால்பந்து அணி ஒரு போட்டியிலும் தோற்கவில்லை.

இவற்றில் எதிலும் ஒன்பதின்மருக்கு இடமில்லை. வகுப்புகளுக்கு வரலாம், ஆனால் விளையாட்டு, இசைக் குழு, மன்றங்கள் எதிலும் சேரக்கூடாது என்பது அவர்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்ட நிபந்தனை. எர்னெஸ்ட் கிரீன் தம் பழைய பள்ளியின் இசைக் குழுவில் சாக்சபோன் வாசித்தவர். ஜெஃபர்சன் தாமஸ் ஓட்டப் பந்தய வீரர். சென்ட்ரல் பள்ளிக்கு வருவதற்கு அவர்கள் கொடுத்த முதல் விலை இதுவே. நல்ல ஆய்வுக்கூடமும் நூலகமும் உள்ள பள்ளியில் படிப்பதற்காகத் தமக்குப் பிடித்தமானவற்றை அவர்கள் விட்டுக்கொடுத்தனர்.

இரண்டாவது விலை அன்றாடம் கொடுக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் இராணுவ வீரர் துணையாக நியமிக்கப்பட்டிருந்தார். அவர் நடைபாதையில் உடன் வருவார். வகுப்பறைக்குள்ளும் உடை மாற்றும் அறைக்குள்ளும் வரமாட்டார். துன்புறுத்த நினைத்தவர்கள் அந்த இடங்களையே தேர்ந்தெடுத்தனர். தள்ளுதல், உதைத்தல், மாடிப்படியில் இடித்தல், புத்தகங்களைத் தட்டிவிடுதல், இழிசொற்கள் என அது நாள்தோறும் தொடர்ந்தது. நவம்பர் மாத இறுதிக்குள் 101-ஆவது படைப்பிரிவினர் திரும்பச் சென்ற பின்னர் நிலைமை மேலும் மோசமடைந்தது. வெடிகுண்டு மிரட்டல்களால் பள்ளி பலமுறை சோதனையிடப்பட்டது. திருப்பி அடிக்கவோ திருப்பிப் பேசவோ கூடாது என்பது ஒன்பதின்மருக்கும் பெரியவர்கள் இட்டிருந்த கட்டளை. ஒருவர் நிலை தவறினாலும் ஒன்பது பேரின் இடமும் பறிபோகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1957 டிசம்பர் 17 அன்று உணவுக்கூடத்தில் நாற்காலிகளை நகர்த்தி வழிமறித்துச் சீண்டிய மாணவர்கள் மீது மின்னிஜீன் பிரௌன் தம் தட்டில் இருந்த உணவைக் கொட்டிவிட்டார். அந்த நேரத்தில் கூடம் முழுவதும் ஒரு நொடி அமைதியில் உறைந்தது என்றும், பின்னர் அங்கே பணிபுரிந்த கறுப்பினப் பணியாளர்கள் கைதட்டினர் என்றும் எர்னெஸ்ட் கிரீன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். மின்னிஜீன் தற்காலிகமாக நீக்கப்பட்டு, 1958 பிப்ரவரியில் வேறொரு தகராறின் பின்னர் பள்ளியிலிருந்தே நீக்கப்பட்டார். ஒன்று போயிற்று, எட்டு மீதம் என்ற பொருளில் அட்டைகள் அச்சிடப்பட்டு மாணவர்களிடையே வழங்கப்பட்டன. மின்னிஜீன் நியூயார்க் நகரில் ஒரு பள்ளியில் சேர்ந்து படிப்பைத் தொடர்ந்தார்.

பேசாதிருந்த பெரும்பான்மை

அப்பள்ளியில் அன்று ஏறத்தாழ 1,900 வெள்ளை மாணவர்கள் படித்தனர். அவர்கள் அனைவரும் கொடியவர்களா? இல்லை. தொடர்ந்து தொல்லை கொடுத்தவர்கள் ஒரு சிறு கூட்டமே என்பதைப் பலரும் பதிவு செய்துள்ளனர். முதன்முறை வகுப்புக்கு வந்தபோது டெரன்ஸ் ராபர்ட்ஸிடம் இயற்கணிதப் புத்தகம் இல்லாததைக் கண்டு, தம் மேசையை அருகே இழுத்துப்போட்டுத் தம் புத்தகத்தைப் பகிர்ந்துகொண்ட வெள்ளை மாணவி ஒருவரும் அங்கே இருந்தார். ஆனால், இவ்வாறு நட்புக் காட்டிய சிலரும் மிரட்டப்பட்டனர். ஆகவே, எஞ்சிய பெரும்பான்மையினர் தீங்கும் செய்யவில்லை, துணையும் நிற்கவில்லை. தம் படிப்பு, தம் விளையாட்டு, தம் விழா என்று ஒதுங்கிக்கொண்டனர்.

அன்றைய மாணவர் பேரவைத் தலைவரான ரால்ஃப் பிராடி பல ஆண்டுகள் கழித்து, 2007-இல், தம் வகுப்புத் தோழர்களின் நினைவுகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். சிலர் செய்த தவற்றுக்காக ஒரு பள்ளி முழுவதையும் உலகம் குற்றம் சாட்டியது என்ற வருத்தம் அவர்கள் பலரிடம் இருந்தது. அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், ஒன்பதின்மரில் பலர் பின்னாளில் கூறியவற்றைப் படிக்கும்போது மற்றொரு நியாயமும் தெரிகிறது. அடித்தவர்களைக் காட்டிலும், அடிப்பதைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களின் எண்ணிக்கையே அவர்களை மிகவும் தனிமைப்படுத்தியது.

மே 27, 1958

பள்ளி நிறைவு விழா 1958 மே 27 அன்று மாலை பள்ளியின் குவிக்லி மைதானத்தில் நடைபெற்றது. இராணுவத்தினரும் நகரக் காவலரும் பாதுகாப்புக்கு நின்றனர். எர்னெஸ்ட் கிரீனின் தாயார் ஓர் ஆசிரியை. அவரும் குடும்பத்தாரும் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தனர். அவர்களுடன் 29 வயது இளைஞர் ஒருவரும் வந்து அமர்ந்தார். அன்று ஆர்க்கன்சாவின் பைன் பிளஃப் நகரில் கறுப்பினத்தவர் கல்லூரி ஒன்றின் பட்டமளிப்பு விழாவில் உரையாற்ற வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங்தான் அவர். ஒரு பள்ளி மாணவன் சான்றிதழ் பெறுவதைக் காண்பதற்காகவே அவர் லிட்டில் ராக் வந்தார்.

பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் எழுந்தது. எர்னெஸ்ட் கிரீன் என்ற பெயர் வாசிக்கப்பட்டபோது மைதானத்தில் பேரமைதி நிலவியது. அவர் மேடை ஏறினார், சான்றிதழைப் பெற்றார், இறங்கினார். கைதட்டல் இல்லாதது தமக்குப் பொருட்டாகவே தோன்றவில்லை என்றும், வந்த காரியம் நிறைவேறியது என்ற எண்ணமே தம் உள்ளத்தில் இருந்தது என்றும் அவர் பின்னர் பலமுறை கூறியுள்ளார்.

பெயர் தெரியாத ஒருவரின் உதவித்தொகையுடன் அவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1962-இல் இளங்கலைப் பட்டமும், 1964-இல் சமூகவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அந்த உதவியை அளித்தவர் அப்பல்கலைக்கழகத்தின் தலைவரான ஜான் ஹன்னா என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தார். பல்கலைக்கழகத்தின் நிலைப்பாட்டைக் கண்டித்துத் தாம் மாணவராக இருந்தபோது நடத்திய போராட்டங்கள் அதே ஹன்னாவின் வீட்டு வாயிலிலும் நடந்தன என்பதை அவர் நகைப்புடன் குறிப்பிடுவதுண்டு. பின்னர் கார்ட்டர் ஆட்சியில் 1977 முதல் 1981 வரை தொழிலாளர் துறையின் உதவிச் செயலராகவும் பணியாற்றினார்.

சான்றிதழ் பெற எவரும் இல்லாத ஆண்டு

1958-ஆம் ஆண்டு வகுப்புக்கு அடுத்து வந்திருக்க வேண்டிய 1959-ஆம் ஆண்டு வகுப்பின் கதை இன்னும் துயரமானது. இன ஒருங்கிணைப்பை ஒத்திவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1958 செப்டம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. ஆளுநர் ஃபாபஸ் நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். செப்டம்பர் 27 அன்று நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. ஒருங்கிணைப்பை ஏற்பதாக 7,561 பேரும், எதிர்ப்பதாக 19,470 பேரும் வாக்களித்தனர். பள்ளிகள் ஆண்டு முழுவதும் மூடியே கிடந்தன. ஒப்பந்தப்படி ஆசிரியர்கள் நாள்தோறும் வெற்று வகுப்பறைகளுக்கு வந்து சென்றனர். வியப்பு என்னவென்றால், வகுப்புகள் நடக்காத அந்த ஆண்டிலும் பள்ளிக் கால்பந்துப் போட்டிகள் நடந்தன.

ஏறத்தாழ 3,700 மாணவர்கள் பள்ளியை இழந்தனர். வெள்ளை மாணவர்களில் பெரும்பாலோர் தனியார் பள்ளிகளிலும் உறவினர் ஊர்களிலும் ஏதோ ஒரு வழியில் படித்துக்கொண்டனர். கறுப்பின மாணவர்களுக்கு அவ்வாறு ஒரு தனியார் பள்ளி திறக்கப்படவில்லை. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்த ஆண்டு பள்ளியே கிட்டவில்லை. பலர் பின்னர் படிப்புக்குத் திரும்பவே இல்லை. 1959-இல் சென்ட்ரல் பள்ளியில் நிறைவு விழா நடக்கவில்லை. சான்றிதழ் பெற ஒரு வகுப்பும் இல்லை. பிறர் பிள்ளை படிக்கக்கூடாது என்று கதவை மூடியவர்கள் தம் பிள்ளைகளின் ஓராண்டையும் சேர்த்தே பூட்டிவிட்டனர்.

அந்தப் பூட்டைத் திறக்கத் தொடங்கியவர்கள் நகரத்துப் பெண்கள். ஏடால்ஃபின் டெர்ரி, விவியன் புரூவர் ஆகியோர் முன்னின்று 1958 செப்டம்பரில் பள்ளிகளைத் திறக்கக் கோரும் மகளிர் குழு ஒன்றை அமைத்தனர். முதலில் தயங்கிய வணிகர்களும் பின்னர் அவர்களுடன் சேர்ந்தனர். 1959 மே மாதத்தில் 44 ஆசிரியர்களையும் பணியாளர்களையும் கல்வி வாரியத்தின் ஒரு பகுதியினர் பணிநீக்கம் செய்தபோது நகரம் விழித்துக்கொண்டது. அதற்குக் காரணமான உறுப்பினர்கள் மே 25 அன்று வாக்கெடுப்பின் மூலம் திரும்ப அழைக்கப்பட்டனர். ஆகஸ்ட் மாதம் பள்ளிகள் திறந்தன. ஒன்பதின்மரில் ஜெஃபர்சன் தாமஸும் கார்லொட்டா வால்ஸும் அங்கேயே பயின்று 1960-இல் சான்றிதழ் பெற்றனர். அதே ஆண்டு பிப்ரவரியில் கார்லொட்டாவின் வீட்டில் வெடிகுண்டு வெடித்தது. ஆயினும் அவர் மறுநாளும் பள்ளிக்குச் சென்றார்.

பின்னால் நின்றவர்கள்

பிள்ளைகளின் மன உறுதியைப் புகழும்போது அவர்களுக்குப் பின்னால் நின்ற பெரியவர்களை மறந்துவிடக்கூடாது. கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் மாநிலத் தலைவியான டெய்சி பேட்ஸின் இல்லமே அவர்கள் காலையில் கூடும் இடமாகவும் மாலையில் அன்றைய துயரங்களைச் சொல்லி ஆறும் இடமாகவும் இருந்தது. அந்த இல்லத்தின் மீது பலமுறை கல்லெறியப்பட்டது. அவரும் கணவரும் நடத்திய வார இதழ் விளம்பரங்களை இழந்து 1959-இல் நின்றுபோயிற்று. பெற்றோரில் சிலர் வேலையை இழந்தனர். அவர்களில் எவரும் பெரும் செல்வர் அல்லர். ஆயினும், எங்கள் பிள்ளை படிக்கட்டும் என்பதில் அவர்கள் பின்வாங்கவில்லை.

ஒன்பதின்மருக்கும் 1999-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. சென்ட்ரல் பள்ளி 1998-இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பள்ளியாகவும் இயங்கிக்கொண்டே வரலாற்றுச் சின்னமாகவும் விளங்குவது அதன் தனிச் சிறப்பு. ஜெஃபர்சன் தாமஸ் 2010-இலும், தெல்மா மதர்ஷெட் 2024-இலும் மறைந்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை ஒன்றே. ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் இடம் பெற்றுத் தருவது முதற்படி மட்டுமே. நீதிமன்றமும் இராணுவமும் சேர்ந்து எர்னெஸ்ட் கிரீனுக்கு ஓர் இருக்கையைப் பெற்றுத் தந்தன. அருகிலிருந்த இருக்கையில் ஒரு தோழனை அமர்த்த அவற்றால் இயலவில்லை. அது உடன் படிக்கும் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை அவ்வாறு வளர்ப்பது வீட்டில் உள்ள நம் கையில் இருக்கிறது. நம் பிள்ளை எத்தனை மதிப்பெண் பெற்றான் என்று கேட்கும்போதே, அவன் வகுப்பில் தனித்து அமர்ந்திருப்பவர் யார், அவருடன் அவன் பேசுகிறானா என்றும் கேட்போமாக. 1958-இல் அந்த மைதானத்தில் இருந்த 601 பேரின் வீடுகளிலும் இந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்குமானால், அந்த ஒரு பெயருக்கும் கைதட்டல் எழுந்திருக்கும்.